சப்நெட் பிரித்த பிறகு போன பாக்கெட் ஏன் திரும்புவதில்லை?

நெட்வொர்க்கை இரண்டு சப்நெட்டாக, அதாவது தனித்தனி முகவரி வரிசை கொண்ட துண்டுகளாகப் பிரித்ததும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகவில்லை என்றால், அனுப்பும் கணினியைத்தான் எல்லோரும் முதலில் குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் பதில் திரும்பி வரும் வழியில் இருக்கும்.

வழக்கமான அமைப்பு ஒன்று. இன்டர்நெட் ரூட்டர் 192.168.1.1. அதன் பின்னால் இரண்டாவது ரூட்டர்: மேல்பக்கம் 192.168.1.2, கீழ்ப்பக்கம் 192.168.2.1. இதில் நாட் (அனுப்புபவரின் முகவரியை மாற்றி அனுப்பும் வசதி) இல்லை. 192.168.2.10 கணினி 192.168.1.50 பிரிண்டருக்கு பிங் அனுப்பினால் அது போய்ச் சேர்ந்துவிடும். பிரிண்டரோ பதிலைத் தன் கேட்வே (சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்) 192.168.1.1-க்கு அனுப்பும். 192.168.2.0/24 (192.168.2 என்று தொடங்கும் முகவரிகள்) எங்கே இருக்கிறது என்று அந்த ரூட்டருக்குத் தெரியாததால், பதிலை இன்டர்நெட் பக்கம் தள்ளிவிடும். அங்கே அது தொலையும். முதல் ரூட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைக்கும் வழி) வேண்டும்: 192.168.2.0, மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி சப்நெட்டைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0, அடுத்த ஹாப் (பாக்கெட்டை ஒப்படைக்க வேண்டிய ரூட்டர்) 192.168.1.2.

இதோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். பிங் வரும், பிரிண்டரின் வெப் பக்கம் திறக்காமல் போகலாம். போகும் பாக்கெட் 192.168.1.2-லிருந்து நேரே பிரிண்டருக்குப் போகிறது. பதில் மட்டும் 192.168.1.1-ஐச் சுற்றி வருகிறது. வெப் பக்கத்துக்கான டிசிபி இணைப்பின் முதல் பாக்கெட்டையே பார்க்காத அந்த ரூட்டரின் ஃபயர்வால், நடுவில் வரும் பதிலைச் சந்தேகப்பட்டுத் தூக்கி எறிந்துவிடும். இரண்டு ரூட்டர்களுக்கு இடையே கணினிகளே இல்லாத தனி /30 (இரண்டு ரூட்டர்களுக்கு மட்டும் முகவரி உள்ள சிறு சப்நெட்) வைப்பதுதான் சுத்தமான வழி. அதற்கு வசதி இல்லாவிட்டால் அந்த ரூட்டை டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) ஆப்ஷன் 121 மூலம் 192.168.1 பக்கத்துக் கணினிகளுக்கே கொடுக்கலாம். இதிலும் ஒரு பொறி உண்டு: 121 வந்தால் ஆப்ஷன் 3-ல் தரும் கேட்வேயைக் கணினி ஏற்கக்கூடாது என்பது விதி. எனவே 0.0.0.0/0 (மற்ற எல்லா முகவரிகளுக்குமான) ரூட்டையும் 121-க்குள்ளேயே எழுதுங்கள்.

ரூட்டர் லினக்ஸ் பெட்டியாக இருந்தால் ஐபி ஃபார்வர்டிங் (பாக்கெட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் அமைப்பு) 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இயல்பாக அது 0.

மாஸ்க் தவறு இன்னும் நைசானது. ஒரு /24-ஐ நான்கு /26 ஆக வெட்டினால் எல்லைகள் 0, 64, 128, 192. ஒவ்வொன்றிலும் 62 முகவரிகள்தான் கணினிகளுக்கு. 192.168.1.70 கணினியில் பழைய 255.255.255.0 மாஸ்க்கே இருந்து, கேட்வேயை மட்டும் 192.168.1.65 என்று மாற்றினால் இன்டர்நெட் ஓடும். 192.168.1.10 மட்டும் கிடைக்காது, அதைப் பக்கத்து வீடு என்று நினைத்து ஏஆர்பி (இந்த முகவரி யாருடையது என்று சப்நெட்டுக்குள் கேட்கும் கேள்வி) கேட்டுக்கொண்டே இருக்கும். ரூட்டரில் ப்ராக்ஸி ஏஆர்பி (பிறருக்காக ரூட்டரே பதில் சொல்வது) இயங்கினால் இதுவும் வேலை செய்வதுபோல் காட்டி, ரூட்டரை மாற்றும் நாளில் கழுத்தறுக்கும். மாஸ்க் 255.255.255.192 ஆக வேண்டும்.

புதிய சப்நெட்டில் கணினிகள் 169.254 என்று முகவரி எடுத்துக்கொண்டால் டிஎச்சிபி ரிலே (கோரிக்கையை வேறு சப்நெட்டில் உள்ள சர்வருக்குக் கடத்துவது) விடுபட்டிருக்கும். டிஎச்சிபி கேட்கும் பிராட்காஸ்டை (எல்லோருக்குமான அழைப்பை) ரூட்டர் தாண்டவிடாது; ரிலேயும் வேண்டும், சர்வரில் அந்த சப்நெட்டுக்குத் தனி ஸ்கோப்பும் (கொடுக்க வேண்டிய முகவரி வரிசை) வேண்டும்.

விலான் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) இல்லாமல் ஒரே ஸ்விட்சில் எண்களை மட்டும் மாற்றுவதைப் பிரிப்பு என்றே சொல்ல முடியாது. முகவரியைக் கையால் மாற்றிக்கொண்டு எவரும் அடுத்த சப்நெட்டுக்குள் நுழைந்துவிடலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் விண்டோஸ் கணினி ஒன்று மட்டும் பிங்குக்கு வாய் திறக்கவில்லையா? அதன் ஃபயர்வாலில் பிங் விதியின் ஸ்கோப்பை (எந்த முகவரிகளிலிருந்து ஏற்கும் என்ற எல்லையை) பாருங்கள். பிரைவேட் நெட்வொர்க்கில் அது ‘லோக்கல் சப்நெட்’ என்றே இருக்கும். நேற்றுவரை ஒரே சப்நெட்டில் இருந்த கணினி இன்று அதற்கு வெளியாள்.