‘டவுட்’ என்று எழுதும் முன்

பல வருடங்களாக ஆங்கிலத்திலேயே வேலை பார்ப்பவர்களுக்கும், வெளிநாட்டவரோடு பேசும்போது நம்மூர் ஆங்கிலத்தால் ஒரு சிக்கல் வரும். இலக்கணத்தில் ஒரு பிழையும் இருக்காது. ஆனாலும் எதிரே இருப்பவரின் முகம் மாறும்.

‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் கைதூக்கிச் சந்தேகம் கேட்ட பழக்கம் அப்படியே வருகிறது. அமெரிக்கரோ பிரிட்டிஷ்காரரோ அதைக் கேட்டால், ‘நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று புரிந்துகொள்ளக்கூடும். வேலையைச் செய்து முடித்துவிட்டு விளக்கிக்கொண்டிருப்பவருக்கு அது நிச்சயம் உறுத்தும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும்.

அப்புறம் ‘ப்ளீஸ் ரிவர்ட்’. பதில் போடுங்கள் என்று நினைத்து எழுதுகிறோம். அந்தச் சொல்லின் வழக்கமான பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் ‘கிட்’ மென்பொருளைப் பயன்படுத்தும் டெவலப்பருக்கோ அது, கோடில் செய்த மாற்றத்தை ரத்து செய்யும் கட்டளை! ‘ரிப்ளை’ என்றே எழுதிவிடுங்கள்.

மீட்டிங்கை முன்கூட்டியே வைப்பதற்கு நாம் சொல்லும் ‘ப்ரீபோன்’ இந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. ‘கேன் வி மீட் எர்லியர்?’ என்று கேட்டால் சரி.

வெளிநாட்டு டீமுக்குக் கடைசியாக அனுப்பிய சில மெயில்களைத் திறந்து, இந்த மூன்று சொற்களையும் இன்றே தேடிப் பாருங்கள்.