முன்கள வீரர் தெரிவு: கோல் கணக்கை மட்டும் பார்த்தால் வரும் வினை

கனடாவில் சொந்தக்காரர் இருக்கிற மட்டக்களப்பு வீடுகளுக்குக் குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கிக் கதையும் வட்ஸ்அப்பில் வந்துவிடும். ஒலிம்பிக் வருடமென்றால் கேட்கவே வேண்டாம், ஆளுக்கொரு தேசிய அணி போடுவார்கள். அந்த அணிகளில் அநேகமாக ஒரே பிழைதான்: அந்தப் பருவத்தில் கூடக் கோல் அடித்தவர்களை மேலிருந்து கீழே எழுதிவிடுவது.

2014 சோச்சி ஒலிம்பிக்கிற்குக் கனடா கொண்டுபோன 25 பேரில் 14 பேர் முன்கள வீரர்கள். ஒரு நேரத்தில் ஐஸில் நிற்கும் முன்கள வீரர்கள் மூவர்: நடுவில் ஒருவர், பக்கத்துக்கு ஒருவர். முக்கால் நிமிடம் ஓடிவிட்டு அடுத்த மூவருக்கு இடம் விடுவார்கள். இப்படி நான்கு கூட்டணி. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிப்பதற்கென்றே ஒரு கூட்டணி வேண்டும். ஒருவர் தண்டனை வாங்கி இரண்டு நிமிடம் வெளியே இருந்தால், கோல்காப்பாளர் தவிர்ந்த ஐவருக்குப் பதில் நால்வராய் நின்று தாக்குப்பிடிக்கவும் ஆள் வேண்டும். மட்டக்களப்பு வெபர் மைதானத்து உதைபந்தாட்டத்தில் பத்துப் பேரும் எதிரணிக் கோலடியில் நின்றால் எப்படியோ அப்படித்தான் 14 கோலடிக்காரர் அணியும்.

அந்த 2014 அணியைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். முந்தைய பருவத்தில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லில் அதிகப் புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து) எடுத்த மார்ட்டின் சென் லூயியை முதலில் சேர்க்கவில்லை. கிறிஸ் கூனிட்ஸை எடுத்தார்கள். கழகத்தில், கனடா அணித் தலைவர் சிட்னி க்றொஸ்பியின் பக்கத்தில் ஆடுகிறவர் என்பதால் வந்த இடம் என்று கேலி பேசினார்கள். கோல் அடிப்பதை விட மறிப்பதில் பேர்போன பற்றிஸ் பேர்ஜரனும் வந்தார். இறுதியில் க்றொஸ்பியின் இரு பக்கமும் ஆடியவர்கள் இந்த இருவருமே. தொடர் முழுக்க க்றொஸ்பிக்கு ஒரேயொரு கோல். ஆனால் ஆறு ஆட்டத்திலும் சேர்த்து கனடா எதிரணிகளிடம் வாங்கியது மூன்று கோல்தான். சுவீடனை 3-0 என்று வென்ற இறுதிப் போட்டியில் ஒரு கோல் கூனிட்ஸுடையது. தொடர் முழுக்கப் பின்களத்திலிருந்து மூன்று கோல் போட்டவர் பெயர் ஷே வெபர். நம்ம ஊரில் வெபர் என்றால் மைதானம், அங்கே இப்படியொருவர்.

பழைய பெயருக்கு இடம் கொடுப்பது அடுத்த பிழை. 2002இல் தங்கம் வென்ற கனடா, 2006 ரூரின் ஒலிம்பிக்கில் அனுபவசாலிகளை நம்பியது. அந்தப் பருவத்தில் 102 புள்ளி எடுத்த 18 வயது க்றொஸ்பிக்கு இடமில்லை. ஆறு ஆட்டங்களில் மூன்றில் ஒரு கோல்கூட அடிக்காமல் காலிறுதியோடு வெளியேறினார்கள். க்றொஸ்பி போயிருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவரைத் தள்ளியதற்கு வயதைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கைப்பக்கத்தைப் பார்க்க மறப்பவர்களும் உண்டு. மட்டையை இடப்பக்கம் பிடிப்பவரை வலது ஓரத்தில் விடுங்கள். தன் பக்கக் கோலடியிலிருந்து ஐஸைச் சுற்றியிருக்கும் பலகையோரமாய் வரும் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) அவருக்கு வலப்பக்கம் வந்து சேரும். அதை மட்டையின் பின்பக்கத்தால்தான் வாங்க வேண்டும். அந்த அரை நொடிக்குள் எதிரணிக்காரர் வந்து பலகையோடு அமுக்கிவிடுவார். அதே ஆளுக்கு, எதிரணிக் கோலுக்குக் கிட்ட நின்று குறுக்கே வரும் பக்கை வாங்கியபடியே அடிக்க, அந்த வலது ஓரம் வாய்ப்பான இடம். அதனால் எந்த வேலைக்கு எடுக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். நடுவில் ஆடுகிறவரை ஓரத்துக்கு மாற்றலாம், சோச்சியில் செய்தார்கள். ஓரத்தில் ஆடுகிறவரை நடுவுக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

காயக்காரர் தேறிவிடுவார் என்று நம்பி எடுப்பதும் உண்டு. எடுத்தாலும் மாற்றாள் ஆயத்தமாய் இருக்க வேண்டும். 2013 நவம்பரில் கால் முறிந்த ஸ்ரீவன் ஸ்ராம்கோஸ் சோச்சிக்கு நேரத்துக்குத் தேறவில்லை. அவர் இடத்துக்குப் போனவர் முதலில் விடுபட்ட அதே சென் லூயி.

நம்ம பக்கத்து உதைபந்தாட்டத் தெரிவிலும் கழகத்துக்குக் கழகம் கூடக் கோல் போட்ட பெடியனைத் தூக்கும் பழக்கம் இருக்கிறது. தெரிவு ஆட்டத்துக்குப் போனால் பந்து வைத்திருப்பவனை விட்டுவிட்டு, பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த பத்து அடிக்கு ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா என்று பாருங்கள். கோல் கணக்கைப் பிறகு கேட்கலாம்.