நாட்டு வாழை சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டு வாழை ரகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று கன்று தேடி வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவர் பின் ஒருவராக அதே தவறுகளில் போய் மாட்டுகிறார்கள். இடைவெளி, உரம், தண்ணீர் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதையெல்லாம் ஒரு போகம் சொல்லிக்கொடுத்துவிடும்.

ரகத்தை மாற்றினால் வாடல் போய்விடும் என்று நம்புவது

லாலாப்பேட்டைப் பக்கம் ஒரு தம்பி ரஸ்தாளி போட்டிருந்தார். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்போடு மடிந்து தண்டைச் சுற்றித் தொங்கின. தண்டின் அடியும் வெடித்திருந்தது. ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் செம்பழுப்புக் கோடு. பனாமா வாடல்.

"அப்ப கற்பூரவள்ளிக்கு மாறிடுறேண்ணே. வறட்சிக்கே அசையாத வாழையாச்சே" என்றார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அதே வயலில் அதுவும் வாடியது.

நாம் சாப்பிடும் வாழைகளில் பெரும்பாலானவை மூசா அக்குமினாட்டா, மூசா பால்பிசியானா என்ற இரண்டு காட்டினங்களின் வழி வந்தவை. முன்னதை ஏ என்றும் பின்னதை பி என்றும் குறிப்பார்கள். ரஸ்தாளி ஏஏபி, அதாவது ஏ இரண்டு பங்கு, பி ஒரு பங்கு. கற்பூரவள்ளி ஏபிபி. மரபு வேறுதான். ஆனாலும் பனாமா வாடலை உண்டாக்கும், நம் மண்ணில் இருக்கும் ஃபுசேரியம் பூஞ்சை இரண்டையும் பிடிக்கும். விருப்பாட்சி, ஏலக்கியையும் விடாது. பூவனும் ஏஏபிதான், அது தாங்கி நிற்கும். எழுத்தை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த ரகம் எந்த நோயைத் தாங்கும் என்று தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பூஞ்சை பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் வேறு. அந்த வயலில் பச்சையாகத் தெரிந்த ரஸ்தாளிக் கன்றுகளைப் பிரித்து, ரகம் அழியக் கூடாதென்று நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். நோய் கண்ட தோட்டத்தின் கன்று வெளியே தெளிவாக இருந்தாலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணிலும் பூஞ்சை போகும். காப்பாற்ற நினைத்த ரஸ்தாளிக்கே கேடு. வாடல் வந்த தோட்டத்திலிருந்து ஒரு கன்றுகூட வெளியே போகக் கூடாது. மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த வயலில் இறங்காதீர்கள்.

ஜி9 இருக்க நாட்டு ரகம் எதற்கு என்பது

ஏற்றுமதிச் சந்தையை ஆண்ட குரோ மிஷெல் என்ற ரகம் 1950களில் இதே வாடலில் சரிந்தது. அதன் இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். ஜி9 என்று நாம் நடும் கிராண்ட் நைன் அந்தக் குடும்பம். கேவண்டிஷையும் வீழ்த்தும் டிஆர்4 என்ற வாடல் பூஞ்சை வகை இன்று பீகார், உத்தரப் பிரதேசம் வரை வந்துவிட்டது. ஒரே ரகத்தை நம்பினால் இதுதான் கதி; அதற்குத்தான் நாட்டு ரகங்கள்.

முடிக்கொத்து கண்ட மரத்தை வெட்டி மட்டும் போடுவது

முடிக்கொத்து, இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகும் வைரஸ் நோய். கிழங்கிலும் இருக்கும், அதனால் கிழங்கோடு தோண்டி அழியுங்கள்.

ஒரே வயலில் எல்லா ரகமும்

அந்த வயலில் நோய் வந்தால் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு ரகத்திலும் வேறு ஊரில் இன்னொரு தூர் வையுங்கள்.

கேரளத்தில் பூவன் கன்று கேட்பது

அங்கே பூவன் என்றால் நம் ரஸ்தாளி. நம் பூவனுக்கு அங்கே பாளையங்கோடன் என்று பெயர். வாடல் வந்த நிலத்தில் நடுவதற்குப் பூவன் கன்று தேடி அங்கே போகிறவர்கள் அந்தத் தோட்டத்துப் பழம் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாவாக உதிர்ந்தால் ரஸ்தாளி; இனிப்போடு புளிப்பும் தட்டினால் நம் பூவன்.