ஆற்றங்கரை வேன்காரரும் நாம் எழுதும் காமெடிப் பாத்திரங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காமெடிப் பாத்திரம் ஹிட் ஆகிவிட்டால், எழுதுபவர்கள் முதலில் இறுக்கிப் பிடித்துக்கொள்வது அதன் பஞ்ச் வசனத்தை. அடுத்த வாரமும் அதே வசனம், அதற்கடுத்த வாரமும் அதே. நான்காவது வாரம் பார்ப்பவர் ரிமோட்டைத் தேடுவார். கல்லூரி விழாவுக்கு ஹாஸ்டல் வார்டன் பாத்திரம் ஒன்று எழுதி, முதல் வருடம் விசில் வாங்கி, மறு வருடம் கைதட்டக்கூட ஆளில்லாமல் மேடையிறங்கியவன் நான். எங்கே பிசகியது என்பது மேட் ஃபோலியைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நேரலை நகைச்சுவை நிகழ்ச்சியில் கிறிஸ் ஃபார்லி நடித்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் இந்த ஃபோலி. எழுதியவர் பாப் ஓடன்கிர்க். பிற்காலத்தில் வக்கீல் வேடத்தில் உலகம் முழுக்கப் பேர் வாங்கினாரே, அவரேதான். சிகாகோவின் செகண்ட் சிட்டி என்ற நகைச்சுவை நாடகக் குழுவின் மேடையில் பிறந்த பாத்திரம், 1993 மே 8 அன்று டிவிக்கு வந்தது. அந்த முதல் ஸ்கெட்ச்சில், அதாவது குட்டி நகைச்சுவை நாடகத்தில், ஒரு வீட்டில் கஞ்சாப் பொட்டலம் சிக்கியிருக்கிறது. மகனையும் மகளையும் திருத்த அப்பா ஒரு பேச்சாளரை வரவழைத்திருக்கிறார். அந்த மனிதர் நாலு மணி நேரமாகக் கீழ்த்தளத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறாராம். கட்டம் போட்ட கோட்டும் கண்ணாடியுமாக, பேன்ட்டை மேலே இழுத்துவிட்டபடி வருகிறார். வந்ததும் அறிமுகம்: வயது 35, விவாகரத்து ஆனவர், குடியிருப்பது ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு வேனில்.

இந்த வேன் வரியை வெறும் பஞ்ச் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. உருப்படும் வழி சொல்ல வந்தவர், தான் உருப்படாத கதையையே சான்றிதழ் மாதிரி முதலில் நீட்டுகிறார். அப்புறம் அந்த வேன் அவருடைய அளவுகோலாகிவிடுகிறது. பிள்ளைகள் என்ன கனவைச் சொன்னாலும், கடைசியில் நீங்களும் வேனில்தான் வந்து கிடப்பீர்கள் என்று கத்துகிறார். அவருக்குத் தெரிந்த உலகமே அவ்வளவுதான். வரி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவர் தலையில் விழுகிறது. என் வார்டன் தன் வசனத்தை யாரிடமும் சொல்லவில்லை, பார்வையாளர்களைப் பார்த்துச் சொன்னார். அதுதான் வித்தியாசம்.

அடுத்த தவறு, கூட நிற்பவர்களுக்கும் ஜோக் எழுதுவது. அப்பாவாக வரும் ஃபில் ஹார்ட்மேன் கடைசிவரை பொறுப்பான அப்பாவாகவே நிற்கிறார். அவரும் கோமாளித்தனம் செய்திருந்தால் ஃபோலி எதன்மீது மோதுவார்?

பிள்ளைகளாக வந்த டேவிட் ஸ்பேடும் கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டிங்கில் நடிகர்களை வேண்டுமென்றே சிரிக்க வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். நேரலையில் தானாகப் பீறிட்ட சிரிப்பு அது. ஒத்திகை பார்த்த சிரிப்பு கேமராவில் அப்பட்டமாகத் தெரியும்.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். ஃபார்லி பருமனானவர், ஃபோலி டீப்பாய் மேல் விழுந்து அதை நொறுக்குகிறார். சரி, குண்டு ஆள் விழுந்தால் சிரிப்பு என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர் வந்தவுடனே விழவில்லை. ஆவேசம் ஏறி ஏறி, இனி பேச்சில் அடங்காது என்ற கட்டத்தில்தான் விழுகிறார். அந்த ஏற்றத்தை எழுதத் துப்பில்லாதவர்கள் முதல் நிமிடத்திலேயே ஆளைத் தள்ளிவிடுகிறார்கள். மிஞ்சுவது உருவக் கேலி மட்டும்.

எத்தனை தடவை கொண்டுவருவது? அந்த நிகழ்ச்சியில் ஃபோலி வந்ததே மொத்தம் எட்டு தடவைதான். ஒரு தடவை கிறிஸ்துமஸ் தாத்தா வேடம், ஒரு தடவை சிறைச்சாலை. இடம் மாறியது, மனிதர் மாறவில்லை. நாமோ இடத்தை அப்படியே வைத்துவிட்டு, 'புதுசா ஏதாவது பண்ணணும்' என்று ஆளைத் திருத்திவிடுகிறோம். கடைசியாக ஃபோலி வந்தது 1997 அக்டோபரில். அதே டிசம்பரில் 33 வயதில் ஃபார்லி இறந்துபோனார். அந்த எபிசோடில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துச் சிரிக்க இன்றும் என்னால் முடிவதில்லை.

முடிவில் பாத்திரத்துக்கு ஞானோதயம் தருவதும் ஒரு வியாதி. முதல் ஸ்கெட்ச்சின் முடிவைப் பாருங்கள். இனி உங்களோடேயே தங்கிவிடுகிறேன் என்கிறார் ஃபோலி. பிள்ளைகள் வெலவெலத்துப் போகிறார்கள். அவர் வெளியே போனதும் கதவைப் பூட்டிவிட்டு, குடும்பமே ஒருவரையொருவர் கட்டிக்கொள்கிறது. அவரை எதற்காகக் கூப்பிட்டார்களோ அது நடந்துவிட்டது. பார்க்கத்தான் அவர் அங்கே இல்லை. சாமான் எடுத்துவர வேனுக்குப் போயிருக்கிறார்.