குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள்: டர்பன் பக்கம் நாய் வாங்குவோருக்கு

பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்த மறுநாள் நாய் தேடுவது தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வழக்கமான காட்சி. கைப்பேசியில் விளம்பரம் பார்த்து, சனிக்கிழமைக்குள் ஒரு ரொட்வைலர் குட்டியோ ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியோ வீட்டுக்கு வந்துவிடும். அந்தக் குட்டி ஒரு வயதை நெருங்கும்வரை யாரையும் காவல் காக்காது. இரவில் அழும், செருப்பைக் கடிக்கும், திருடனைப் பார்த்தால் வாலை ஆட்டும். காவல்தான் நோக்கம் என்றால் இரண்டு வயதைத் தாண்டிய நாயே சரி. அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்; கதவருகே ஆள் வந்தால் குரைக்குமா, பிள்ளைகளோடு எப்படி இருக்கும் என்று கேட்டே வாங்கலாம். அப்படிப்பட்ட நாய்கள் விலங்குக் கொடுமைத் தடுப்புச் சங்கமான எஸ்.பி.சி.ஏ.வின் கூண்டுகளில் நிறையவே காத்திருக்கின்றன.

ஸ்பிரிங்ஃபீல்டில் டர்பன் அண்ட் கோஸ்ட் எஸ்.பி.சி.ஏ., மேற்கே க்ளூஃப் அண்ட் ஹைவே எஸ்.பி.சி.ஏ., பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இன்னொன்று. முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டை, முகவரிச் சான்று, வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் அலைச்சல் குறையும். அடுக்ககத்தில் இருப்பவர்கள் அதை நிர்வகிக்கும் அறங்காவலர் குழுவின் அனுமதிக் கடிதத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். நாட்டின் பொது விதிப்படி தக்க காரணமில்லாமல் அவர்கள் மறுக்கக் கூடாது. ஆனால் நாயைக் கொண்டுவந்த பிறகு போய்க் கேட்டால் உங்கள் கை தாழ்ந்துவிடும். விண்ணப்பம் கொடுத்த பின் வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார். மதில் அல்லது வேலி முழுதாக இருக்கிறதா, கேட்டுக்குக் கீழே இடைவெளி உண்டா, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா என்று பார்ப்பார். சங்கிலியில் கட்டி வைக்கத்தான் என்று தெரிந்தால் கிடைக்காது. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்குக் கருத்தடை செய்திருக்கிறதா என்றும் கேட்பார்கள். இரண்டையும் அங்கேயே சந்திக்கவிட்டுப் பார்ப்பதும் உண்டு. இந்தக் கெடுபிடியைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், அங்கே கொடுக்கும் கட்டணத்துக்குள் கருத்தடை அறுவை, தடுப்பூசி, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் மூன்றும் பெரும்பாலும் அடங்கிவிடுவதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 'இலவசக் குட்டி'க்கு இவற்றைத் தனித்தனியே மருத்துவரிடம் செய்தால் ஆகும் செலவு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை: தீபாவளி வாரத்திலும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள் பட்டாசின்போதும் புத்தாண்டு இரவிலும் புது நாயைக் கொண்டுவராதீர்கள். வீடு இன்னும் பழகாத நாய் சத்தத்துக்கு மிரண்டு மதிலைத் தாண்டும். ஓடினால் எங்கே திரும்பி வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

இன்ன இனம்தான் வேண்டும் என்றால் வளர்ப்பவரிடம்தான் போயாக வேண்டும். அதில் தவறில்லை. 'தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம்' என்பார்கள். பெண் பார்க்கச் சொன்ன அந்தப் பழமொழி நாய்க்கு இன்னும் அப்பட்டமாகப் பொருந்தும். குட்டிகள் பிறந்த இடத்தில், தாய் அவற்றோடு இருக்கும்போது பார்க்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் சந்திக்கலாம், கடைத்தொகுதி வாகன நிறுத்தத்துக்குக் கொண்டுவருகிறேன், பாதி வழியில் சந்திப்போம் என்று சொல்பவர் உங்கள் வசதிக்காகச் சொல்லவில்லை. தன் கொல்லையை நீங்கள் பார்க்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்.

தாய் என்று வேறொரு பெட்டை நாயைக் காட்டுவதும் நடக்கிறது. பாலூட்டும் நாயின் முலைக்காம்புகள் நீண்டு தொங்கும், அடிவயிற்றில் முடி குறைந்திருக்கும், குட்டிகள் அதைக் கண்டதும் பால்குடிக்கப் பாயும். வயிறு ஒட்டி, காம்பு சிறுத்து, குட்டிகளைக் கண்டு உறுமும் நாய் தாயாக இருக்க வாய்ப்பில்லை. தாயின் குணத்தையும் கவனியுங்கள். அந்நியரைக் கண்டு முதலில் குரைத்துவிட்டுப் பிறகு அடங்கினால் பரவாயில்லை. மூலையில் ஒடுங்கி நடுங்கினால் அந்தப் பயம் குட்டிகளுக்கும் இறங்கியிருக்கும். தகப்பன் அங்கே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதில்லை. பொருத்தமான ஆண் நாயைத் தேடி வேறு ஊருக்குப் போய் இணை சேர்ப்பதே நல்ல வளர்ப்பாளரின் பழக்கம். 'அப்பன், ஆத்தாள் இரண்டும் இங்கேதான்' என்ற விளம்பரம் பெரும்பாலும், கொல்லையில் இருந்த இரண்டைச் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் பொருள்படும்.

பிறகு கேள்விகள். தாய்க்கு வயது என்ன, இது எத்தனையாவது பிரசவம், முந்தையது எப்போது? பெட்டை நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு பருவத்திலும் குட்டி போட வைப்பவர் நாயைக் கறவை மாடாக நடத்துகிறார். ரொட்வைலர், லாப்ரடோர், ஜெர்மன் ஷெப்பர்ட், பூர்பூல் போன்ற கனத்த நாய்கள் என்றால் தாய், தகப்பன் இரண்டுக்கும் ஒரு வயதுக்குப் பின் எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயின் தரச் சான்றிதழைக் கேளுங்கள். 'மருத்துவர் பார்த்தார், நன்றாக நடக்கிறது' என்பது சான்று ஆகாது. இடுப்பு மூட்டுக் கோளாறு உள்ள நாய் இரண்டு வயதுவரை நன்றாகவே ஓடலாம். ஃபிரெஞ்சு புல்டாக், பக் இவற்றில் மூக்குத் துளை முக்கியம். துளை கோடுபோல் ஒடுங்கியிருந்தால் டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் அந்த நாய் மூச்சுக்குப் போராடும். 'அரிய நிறம்' என்று கூடுதல் விலை சொல்லும் நீல ஃபிரெஞ்சு புல்டாகுகளுக்கு முடி கொட்டும் தோல் நோய் வருவதுண்டு. 'டீகப்' என்பது இனமே அல்ல. மெலிந்த, குறைமாதக் குட்டிகளுக்கும் அந்தப் பெயரை வைத்து விற்கிறார்கள். ஒருவேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை இறங்கி மயங்கிவிழும்.

இன நாய்களைப் பதிவுசெய்யும், கூசா என்று இங்கே சொல்லப்படும் தெற்கு ஆப்பிரிக்க கென்னல் யூனியன் 1891இலிருந்து இருக்கிறது. அதன் பதிவுத் தாள் குட்டியின் பரம்பரையைச் சொல்லும். ஆரோக்கியத்தையோ குட்டி வளர்ந்த கொல்லையின் நிலையையோ சொல்லாது. தாள் போலியா என்று அறிய, வளர்ப்பாளரின் பெயரையும் எண்ணையும் கூசாவிடமே நேரடியாக விசாரிக்கலாம். பூர்பூல் என்றால் அதன் வளர்ப்பாளர் சங்கத்திடம். 'தாளோடு ஒரு விலை, தாள் இல்லாமல் ஒரு விலை' என்று இரண்டு விலை சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் பிட்புல்லைக் கூசா ஏற்பதில்லை. ஆகவே 'கூசா பதிவுபெற்ற பிட்புல்' என்ற விளம்பரமே பொய். நல்ல வளர்ப்பாளர்களைக் கண்டுபிடிக்க விளம்பரத்தைவிட நாய்க் கண்காட்சிகளே வசதி. ஒன்று அல்லது இரண்டு இனத்தை மட்டும் வளர்ப்பவர், காத்திருப்புப் பட்டியல் வைத்திருப்பவர், உங்களிடமே பத்துக் கேள்வி கேட்பவர், நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனால் என்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று எழுதிக் கொடுப்பவர் ஆகியோர்தான் தேடத் தக்கவர்கள்.

இணைய மோசடியில் பெரும்பாலும் நாயே இருக்காது. அழகான பொமரேனியன் படம், நம்ப முடியாத விலை, விற்பவர் வெளியூரில். கைப்பேசி வழிப் பணம் அனுப்பும் ஈ-வாலட்டில் முன்பணம் போட்டதும் 'போக்குவரத்து நிறுவனம்' ஒன்று அழைக்கும். விமானக் கூண்டுக்குப் பணம், காப்பீட்டுக்குப் பணம், திருப்பித் தருவோம் என்ற உறுதியோடு. நீங்கள் நிறுத்தும்வரை இது நிற்காது. அந்தப் படத்தையே கொடுத்து இணையத்தில் தேடினால் பல ஊர்களில் அதே குட்டி விற்பனைக்கு இருப்பதைக் காணலாம். இன்னும் எளிய வழி: 'இப்போதே வீடியோ அழைப்பில் காட்டுங்கள், தாயும் இருக்கட்டும், பக்கத்தில் இன்றைய நாளிதழைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று கேளுங்கள். எப்படியானாலும் நேரில் பார்க்கும் முன் ஒரு ராண்டும் கொடுக்க வேண்டாம்.

நேரில் பார்க்கும்போது, 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்பதை மறந்துவிடுங்கள். பல்லைத்தான் பார்க்க வேண்டும். எட்டு வார வயதில் பால் பற்கள் 28ம் முளைத்திருக்கும். ஐந்து வாரக் குட்டிக்குக் கோரைப்பற்களும் முன்பற்களும் எட்டிப்பார்க்கும்; கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது. எட்டு வாரம் என்று சொல்லி ஐந்து வாரத்தில் விற்பது இங்கே மிகச் சாதாரணம். சீக்கிரம் பிரிந்த குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்க வேண்டிய, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவைக் கற்காது. உங்கள் கையில்தான் கற்கும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் புழுவோ உண்ணிக் காய்ச்சலோ. தோள் ஒடுங்கி வயிறு மட்டும் உருண்டையாக இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. பின்னங்கால் ரோமத்தில் மலம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தடுப்பூசி அட்டையில் மருத்துவரின் கையெழுத்தும் பதிவெண்ணும், ஊசிக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய சிறு லேபிளும் இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய தேதி மட்டும் போதாது. அந்த மருத்துவமனைக்கு அங்கேயே நின்று அழைத்துக் கேட்கலாம். நேர்மையானவர் கோபப்பட மாட்டார். 'எல்லா ஊசியும் போட்டாயிற்று' என்பதை எட்டு வாரக் குட்டிக்குச் சொன்னால் அது தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை ஊசியின் வேலையை அது மறித்துவிடும். எந்த வாரம் அது குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இது தெரியாமல் போவதால்தான், குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் இத்தனை குட்டிகளைக் கொல்கிறது. தொற்றிய பின் அறிகுறி தெரிய மூன்று முதல் ஏழு நாள் ஆகும், சிலசமயம் இன்னும் கூட. சனிக்கிழமை வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, புதன்கிழமை வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகப் படுத்துவிடும். 'என்னிடமிருந்து போகும்போது நன்றாகத்தான் இருந்தது' என்று விற்றவர் சொல்வது பொய்யாகக்கூட இருக்காது. நோய் அவர் கொல்லையில் இருந்தது என்பதே உண்மை. ஆகவே வாங்கிய 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள், நோய் இருந்தால் பணம் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், மைக்ரோசிப் எண்ணையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். மருத்துவர் சிப்பைக் கருவியால் வருடி, எண்ணைப் பதிவேட்டில் பார்க்கும்போது விற்றவரல்லாத வேறொருவர் பெயர் வந்தால் அது திருட்டு நாயாக இருக்கலாம். குட்டி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும். குறையுள்ளதை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை அதில் உண்டு. ரசீது இல்லாமல் அதை நிறுவுவது கடினம்.

உங்கள் வளவில் முன்பு ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால், முழு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுவர வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடிருக்கும். சிமெண்டுத் தரையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், ஜிக் என்ற வெளுப்புத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 20 பங்கு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் கிருமி சாகும். புல்தரைக்கு அப்படி வழியில்லை.

ரோபோ என்று இங்கே சொல்லும் போக்குவரத்து விளக்கருகே, பக்கி என்ற சிறு சரக்கு வண்டியின் பின்னால் அட்டைப்பெட்டியில் நெளியும் குட்டிகளைப் பார்த்தால் மனம் இளகும். காப்பாற்றுவதாக நினைத்து ஒன்றை வாங்கினால், அடுத்த ஈற்றுக்கான முதலீட்டை நீங்கள் கொடுத்ததாகிறது. இடம், நேரம், வண்டி எண் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, எஸ்.பி.சி.ஏ. ஆய்வாளரிடம் சொல்லுங்கள். 1962ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி கொடுமைக்கு வழக்குத் தொடர வழி உண்டு. பக்கத்து வீட்டில் மீண்டும் மீண்டும் குட்டி போடும் நாய்க்கு வேறு அணுகுமுறை: ஒரு குட்டியை எடுத்துக்கொள்ளும்போதே தாயின் கருத்தடைச் செலவில் பங்கு தருகிறோம் என்று பேசிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் தடை பணம்தான்.

தெருவில் தனியாக அலையும் குட்டியை வெறுங்கையால் தூக்காதீர்கள். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்வழி ரேபிஸ் இன்றும் இருக்கிறது, குட்டிக்கும் வரும். கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போய் ஊசி தொடங்க வேண்டும். எங்கிருந்து வந்த நாயானாலும் ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம்: மூன்று மாதத்தில் ஒன்று, குறைந்தது 30 நாள் கழித்து 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை. இந்த மாகாணத்தில் ஆண்டுதோறும் போடச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அரசு கால்நடைத் துறையின் முகாம்களில் இது இலவசம். முதல் ஊசிக்குப் போகும் நாளிலேயே உண்ணி மருந்தையும் கேட்டு வாங்குங்கள். இங்கே பிலியரி என்று சொல்லும் உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளிறி, சிறுநீர் தேநீர் நிறமாகி, சாப்பாடு வேண்டாம் என்று படுத்த நாய்க்கு மறுநாள்வரை நேரம் இருக்காது. அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.