பழைய ஜீப் வாங்கும்முன் கிரவுன்–பினியன் விகிதம் பாருங்கள்

ஆக்சிலின் நடுவில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் திருப்பும் பற்சக்கர ஜோடிதான் கிரவுன்–பினியன். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரு சுற்று சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (இன்ஜின் விசையை ஆக்சிலுக்குக் கொண்டுவரும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றணும் என்பதே இந்த விகிதம். அதைக் கண்டுபிடிக்க வண்டியை நியூட்ரலில், 2 வீல் டிரைவில் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சரியாக 2 சுற்று சுற்றுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 4 சுற்றும் கொஞ்சமும் போனால் 4.1 பக்கம், 5 சுற்றுக்குச் சற்றே குறைந்தால் 4.88. ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தப்பாது.

தரையில் நிற்கும் சக்கரம் சுழலாததால், டிஃபரென்ஷியல் பாதிதான் திரும்பும். அதனால்தான் 2 சுற்று. அதே கியர், அதே டயர், அதே வேகத்தில் 4.1 வண்டி 2500 ஆர்பிஎம்மில் ஓடினால், 4.88 வண்டி கிட்டத்தட்ட 2975இல் ஓடும். நாகர்கோவில்–கன்னியாகுமரி ரோட்டில் டீசல் கூடுதலாகப் போவது இதனால்தான்.

காளிகேசம், மாறாமலை எஸ்டேட் போன்ற மலை ஏற்றத்துக்கே வண்டி என்றால் 4.88ஐ மாற்றாமல் அப்படியே விடுங்கள். அங்கே 4.1 போட்டால் கியரைக் குறைத்துக்கொண்டே போகணும், கிளட்ச் தேயும், மைலேஜும் அதிகமாகாது. மாற்றுவதானால் முன், பின் ஆக்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றணும். விகிதம் வேறானால் 4 வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) அடிவாங்கும். ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுழல்வதைத் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப், லாக்கர் அமைப்பு உள்ள ஆக்சிலில் இந்தச் சோதனை நடக்காது.