தேர்தல் முடிவில் ஆட்சேபமா? மறுபரிசீலனைத் தீர்மானம் பெரும்பாலும் உதவாது

சங்கத் தேர்தலில் முடிவை அறிவித்ததும் யாராவது எழுந்து, "இதை மறுபரிசீலனை செய்ய முன்மொழிகிறேன்" என்பது வாடிக்கை. ராபர்ட் விதிகள் என்ற அமெரிக்கக் கூட்ட நடைமுறை நூலைப் பின்பற்றும் அமைப்புகளில் (முதல் பதிப்பு 1876, இப்போது புழக்கத்தில் இருப்பது 2020-இல் வந்த 12-ஆம் பதிப்பு) இது அநேகமாக எடுபடாது. வேறு வழிகள் உண்டு. ஆனால் எது உங்களுக்குப் பொருந்தும் என்பது, என்ன தவறு நடந்தது, எப்போது எழுந்தீர்கள் என்ற இரண்டையும் பொறுத்தது.

முதலில் பைலாவை, அதாவது உங்கள் சங்கத்தின் சொந்த விதித்தொகுப்பை எடுங்கள். தேர்தல் தகராறைப் பற்றி உங்கள் பைலாவோ நாட்டுச் சட்டமோ ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். ராபர்ட் விதிகள் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, தேர்தல் இறுதியாகிவிட்டதா என்று பாருங்கள். வென்றவர் கூட்டத்தில் இருந்து, மறுக்காமல் இருந்தால் அந்த நொடியே இறுதி. அவர் வரவில்லை, ஆனால் போட்டியிட முன்பே சம்மதித்திருந்தார் என்றாலும் அப்படியே. வராதவர், சம்மதமும் தராதவர் என்றால் மட்டும், அவருக்குத் தகவல் போய், அவர் உடனே மறுக்காதபோதுதான் இறுதியாகும்.

மறுபரிசீலனைக்கு இடமிருப்பது அந்தக் கடைசி வகையில், தேர்தல் இறுதியாகும் வரை உள்ள இடைவெளியில்தான். அங்கும் வென்ற பக்கம் வாக்களித்தவர்தான் அதை முன்மொழியலாம். வழிமொழிய யாரும் வரலாம். அன்றைக்கே கொண்டுவர வேண்டும். பல நாள் நடக்கும் மாநாடு என்றால் அடுத்த கூட்ட நாள் வரை நேரம் உண்டு. ரகசிய வாக்கெடுப்பாக இருந்தால், முன்மொழிபவர் தான் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதைத் தானே வெளியே சொல்ல வேண்டியிருக்கும்.

கணக்கில்தான் கோளாறா? அதிகம் நடப்பது இதுதான், அதனால் எண்களோடு பார்ப்போம். பெட்டியில் 60 சீட்டுகள். அவற்றில் 2 வெற்றுச் சீட்டுகள். அவற்றைக் காகிதத் துண்டுகளாகவே நினைத்து ஒதுக்கிவிடுங்கள். மீதி 58. முதலாமவருக்கு 29, இரண்டாமவருக்கு 27. இன்னும் 2 சீட்டுகளில் எழுதியிருப்பது யார் பெயர் என்றே புரியவில்லை.

எண்ணுபவர்கள் அந்த 2 சீட்டுகளையும் "செல்லாது" என்று தூக்கிப் போட்டுவிட்டு 56-ஐ வைத்துக் கணக்குப் போடுவார்கள். பெரும்பான்மைக்கு 29 போதும், முதலாமவர் வென்றார் என்று அறிக்கை தயாராகிவிடும். இது தவறு. உறுப்பினர் போட்ட சீட்டு படிக்க முடியாமல் இருந்தாலும் பதிவான வாக்குதான். யார் கணக்கிலும் சேராது, மொத்தத்தில் சேரும். 58-இல் பாதிக்கு மேல் என்றால் 30. யாரும் வெல்லவில்லை. மறுபடி வாக்கெடுக்க வேண்டும், அதுவும் இருவரையும் வைத்தே.

அறிக்கையை வாசிக்கும்போதே காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் தலைவர் முடிவை அறிவித்த கையோடு எழுந்து, "தலைவர் அவர்களே, ஒழுங்குப் பிரச்சினை. செல்லாத 2 வாக்குகள் மொத்தத்தில் சேர்க்கப்படவில்லை" என்று சொல்லுங்கள். விதி மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டும் இதற்கு வழிமொழிபவர் தேவையில்லை. தலைவர் தீர்ப்புச் சொல்வார். ஒப்பவில்லை என்றால், கூட்டமே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று மேல்முறையீடு செய்யலாம், அதற்கு வழிமொழிபவர் வேண்டும். வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவர் தீர்ப்பே நிற்கும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு அடுத்த மாதம் கிளப்பினால், "காலம் கடந்தது" என்ற பதில்தான் வரும்.

எண்ணியதிலேயே சந்தேகம் என்றால் மறு எண்ணிக்கை கேளுங்கள். கூடியிருப்பவர்களின் பெரும்பான்மை போதும். அன்றைய அமர்விலேயே கேட்கலாம். அடுத்த வழக்கமான அமர்வு காலாண்டு இடைவெளிக்குள், அதாவது தேர்தல் அமர்வு முடிந்த மாதத்துக்குப் பின் வரும் மூன்றாவது நாட்காட்டி மாத முடிவுக்குள் வந்தால், அங்கேயும் கேட்கலாம்.

காலம் கடந்தும் எழுப்பக்கூடியவை சில உண்டு. வென்றவருக்குப் பைலா சொல்லும் தகுதியே இல்லை. அதே பதவிக்கு, அதே காலத்துக்கு ஏற்கெனவே ஒருவர் முறையாகத் தேர்வாகியிருக்கிறார். உறுப்பினர் அல்லாதவர்கள் வாக்களித்தார்கள், அல்லது உறுப்பினர்கள் தடுக்கப்பட்டார்கள், அந்த எண்ணிக்கை முடிவை மாற்றும் அளவு இருக்கிறது. 40 வாக்கு வித்தியாசத்தில் வென்ற தேர்தலில் வெளியாள் ஒருவர் சீட்டுப் போட்டார் என்று கிளம்பிப் பயனில்லை.

இவற்றை எங்கே கொண்டுபோவது? வாக்களித்த அந்தப் பொதுக்குழுவுக்கே. பைலா அதிகாரம் தராதவரை செயற்குழு இதில் கைவைக்க முடியாது; மறு எண்ணிக்கைக்கும் உத்தரவிட முடியாது. பலர் இடறுவது இங்கேதான். தகராறு தீரும்வரை, அறிவிக்கப்பட்டவரே பதவியில் தொடர்வார்.

தேர்தல் சரிதான், ஆள்தான் சரியில்லை என்றால் அது பதவி நீக்கம், வேறு கதை. பைலாவில் பதவிக்காலத்தை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். "இரண்டு ஆண்டுகள் அல்லது அடுத்தவர் தேர்வாகும் வரை" என்றிருந்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கிலோ, முன்னறிவிப்புக் கொடுத்துச் சாதாரணப் பெரும்பான்மையிலோ, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாக்கிலோ நீக்கிவிடலாம். "அல்லது" போய் "மற்றும்" வந்துவிட்டால் காரணம் காட்டி ஒழுங்கு நடவடிக்கைதான் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் ஆதாரம் அந்தச் சீட்டுகள்தான். எண்ணி முடித்ததும் சீட்டுகளையும் எண்ணிக்கைத் தாளையும் உறையிலிட்டு முத்திரை வைத்துச் செயலாளரிடம் ஒப்படையுங்கள். மறு எண்ணிக்கை கேட்கும் காலம் முடிந்த பிறகு அழித்துவிடலாம்.